தயிர்ச்சோற்றுப் பூனை

திண்டிவனத்தில் ஒரு சமண நயினார் வீட்டில் பூனை ஒன்று இருக்கிறதாம். எலியைக் கண்டால் அது முகத்தைத் திருப்பிக்கொள்கிறதாம். மீன்காரி கூடையையே அதன் மூக்கருகில் கொண்டுபோய் வைத்தாலும் தயிர்ச்சோற்றுக்குத்தான் வாயைத் திறக்கிறதாம். போன பிறவியில் யாரோ ஒரு முனிவர், விட்ட குறையைத் தீர்க்க அந்த வீடு தேடி வந்திருக்கிறாராம். வளவனூர் பஸ்ஸின் பின் சீட்டில் இரண்டு பேர் இப்படிப் பேசிக்கொண்டு வந்ததைக் கெங்கம்மாளின் நாத்தனார் கேட்டாள். நாத்தனார் கெங்கம்மாளிடம் சொன்னாள். கெங்கம்மாள் மறுநாள் காலை பால் ஊற்ற வந்தபோது, அந்தப் பூனையை வளர்க்கும் கனகமணியிடமே அதைக் கொண்டுவந்து சேர்த்தாள்.

"உங்க வூட்டுப் பூனையைப் பத்திதாம்மா பேசிக்கினு வந்தாங்களாம். நாலு பேர் தெனமும் கால்ல வந்து வுழறாங்களாம்."

"யாரு கால்ல?"

"பூனை கால்லதான். உங்க கால்ல இன்னாத்துக்கு வுழப் போறாங்க?"

கனகமணி சிரித்தாள். சிரித்தாலும், பால் பாத்திரத்தை உள்ளே எடுத்துப் போகும்போது மனசுக்குள் ஒரு சின்னப் பெருமை எட்டிப் பார்க்கத்தான் செய்தது. யாரும் யார் காலிலும் விழவில்லை. ஆனால் எலி விஷயம் உண்மை. அவளே கண்ணால் பார்த்தது.

கனகமணி செஞ்சி மலைக்குக் கீழே ஒரு சிற்றூரில், நிலம் வைத்துப் பயிர் செய்த குடும்பத்தில் பிறந்தவள். நிலக்கடலையை மல்லாட்டை என்று சொல்லும் திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி வைத்திருந்த வீரசேனனுக்கு வாழ்க்கைப்பட்டாள். முன்கட்டில் மண்டி, பின்கட்டில் குடித்தனம். பிள்ளை பிறக்கவில்லை. அதைப் பற்றி ஊர் விசாரிப்பதை நிறுத்தியபோது அவளுக்கு நாற்பது தாண்டியிருந்தது. தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பாள். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவாள். ஒருமுறை மேல்சித்தாமூர் சமண மடத்துக்கு வந்திருந்த துறவி அம்மையார் ஒருவர் முன்னால் கைகூப்பி நின்று விரதம் ஏற்றுக்கொண்டாள். அறிந்து ஓர் உயிரைக் கொல்வதில்லை, கொல்லச் சொல்வதில்லை, கொன்றவரை ஒப்புவதில்லை. மூன்றில் எது நேர்ந்தாலும் விரதம் போனதுதான். முதல் இரண்டும் சுலபம், மூன்றாவதுதான் கஷ்டம் என்று அந்த அம்மையார் சொல்லியிருந்தார். மண்டி வைத்திருக்கும் வீட்டில் எதுதான் சுலபம் என்று கனகமணி அப்போது நினைத்துக்கொண்டாள்.

பூனை வந்தது எண்பத்தாறில். அவளுடைய தம்பி ஜீவேந்திரனுக்குப் பம்பாயில் இருந்த வேலை பஹ்ரைனுக்கு மாறியது. அவன் மனைவி பத்மாம்பாள் பம்பாயில் வளர்த்த பூனையைக் கூட்டிப்போக வழியில்லை. பாரசீக ஜாதிப் பூனை, பெயர் மோத்தி. புகை படிந்த வெள்ளை நிறம், செம்புக்காசு போன்ற கண்கள், தட்டையான முகம், கழுத்தைச் சுற்றிப் பிடரி, விசிறி மாதிரி வால். பத்மாம்பாள் அதைக் கூடையோடு கொண்டுவந்து இறக்கிவிட்டு ஒரு வாரம் தங்கி எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தாள்.

"அண்ணி, இதுக்கு ரெண்டு அடுக்கு முடி. மேல பட்டு, உள்ள பஞ்சு. பஞ்சுதான் சிக்கு போடும். ஒரு நாள் விட்டா பிரிச்சிடலாம். ஒரு வாரம் விட்டா தோலோட சேந்து கம்பளி மாதிரி ஆயிடும்."

"கத்திரியில வெட்டிட்டா?"

"ஐயோ, தோலு காகிதம் மாதிரி இருக்கும். வெரலாலதான் பிரிக்கணும். பவுடர் போட்டு, கொஞ்சம் கொஞ்சமா."

கிளம்பும்போது அவள் கண் கலங்கியிருந்தது. கனகமணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணே ஒண்ணு அண்ணி. இதுக்கு மாமிச வாசனையே தெரியாது. பால்சோறு, தயிர்ச்சோறுலயே வளந்தது. பக்கத்து மொட்டைமாடியில கொஞ்ச நேரம் சுத்திட்டு வரும், மத்தபடி வீடுதான். யாராவது மீனு கீனு போட்டுப் பழக்கிடாம பாத்துக்குங்க."

"என் கையால போடமாட்டேன் பத்மா. யாரையும் போடவும் விடமாட்டேன்" என்று கனகமணி வாக்குக் கொடுத்தாள்.

நீளமுடிப் பூனையை வளர்ப்பது என்றால் பாதி நாள் சீப்பும் கையுமாக இருப்பது. காலையில் சமையல் முடிந்ததும் கனகமணி கூடத்தில் கால் நீட்டி உட்காருவாள். மோத்தி தானாக வந்து மல்லாந்து படுக்கும். காதுக்குப் பின்னால், முன்னங்காலின் இடுக்கில், வாலுக்கு அடியில் என்று சிக்கு விழும் இடங்கள் அவள் விரலுக்குப் பழகிவிட்டன. முதலில் விரல், பிறகு அகலப் பல் சீப்பு, கடைசியில் நெருக்கப் பல். முகம் தட்டை என்பதால் கண்ணீர் சரியாக வடியாமல் மூக்கோரத்தில் பழுப்புக் கோடாக இறங்கும். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் மெல்லிய துணியை நனைத்துத் துடைப்பாள். நக்கி விழுங்கிய முடியைப் பூனை முதல் தடவை விரல் நீளத்துக்கு உருட்டி வாந்தி எடுத்தபோது, செத்துவிடப் போகிறது என்று பயந்து கூப்பாடு போட்டாள். பிறகு அதுவும் பழகியது. கொஞ்சம் வெண்ணெய் கொடுத்தால் சுலபமாக வெளியே வரும். அக்கினி நட்சத்திரத்தில் தரையில் ஈரச் சாக்கைப் போட்டு, அது படுத்திருக்கும் இடத்துக்கு ஓலை விசிறியால் வீசிக்கொண்டிருப்பாள்.

உண்ணி பிடிக்கும் காலத்தில்தான் கெங்கம்மாளுக்கு வாய் சும்மா இருக்காது. கனகமணி ஒவ்வொன்றாகப் பிரித்து வாழை இலைத் துண்டில் வைத்துத் தோட்டத்து மூலைக்கு எடுத்துப் போவாள்.

"நசுக்கிப் போட்டுட்டுப் போவாம, ஊர்வலமா எடுத்துக்கினு போறீங்களேம்மா. நாளைக்கு அது எங்க மாட்டு மேல ஏறும்."

"உங்க மாடு இந்தப் பக்கம் வராம பாத்துக்கோ."

"நல்லா இருக்கு ஞாயம்!"

மோத்தி சத்தம் போடாத பூனை. தாவாது, கிழிக்காது. குரல் எழுந்தாலும் எறும்புக்குக் கேட்கிற அளவுதான். மடியில் ஏறாது, பக்கத்தில் வந்து உடம்பு படும்படி உட்காரும். அவள் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போனால் பின்னாலேயே வரும். பேசாமலே கூட இருக்கத் தெரிந்த ஒரு ஜீவன் வீட்டுக்குள் வந்தபிறகுதான், இத்தனை வருஷம் அந்தப் பின்கட்டு எவ்வளவு வெறிச்சென்று கிடந்தது என்று அவளுக்குப் புரிந்தது.

எலி சம்பவம் மண்டியில் நடந்தது. மூட்டைகளின் மேல் மோத்தி உட்கார்ந்திருந்தது. தரகர் துரைக்கண்ணுவும் இன்னும் இரண்டு பேரும் வீரசேனனோடு பேசிக்கொண்டிருந்தார்கள். கனகமணி பின்கட்டு வாசலில் நின்றிருந்தாள். பருத்த எலி ஒன்று பூனைக்கு ஒரு முழம் முன்னால் ஓடியது. பூனையின் காது மட்டும் அந்தப் பக்கம் திரும்பியது. முகம் திரும்பவில்லை. எலி திரும்பவும் வந்து, நிதானமாக ஒரு மல்லாட்டையைத் தூக்கிக்கொண்டு போனது.

"காதுல வாங்கிக்கினு கம்முனு இருக்குது பாருங்க நயினாரே!" என்றார் துரைக்கண்ணு. "மனசை அடக்கிக்கினு ஒக்காந்துக்கினு கீது. மனுசனுக்கு வருமா இது?"

வீரசேனனுக்கு அன்றைக்கு முழுவதும் முகம் மலர்ந்திருந்தது. "நம்ம வீட்டு உப்பைத் தின்னுது இல்ல" என்றார். அந்தப் பேச்சுதான் மூட்டையோடு மூட்டையாக லாரி ஏறி, விழுப்புரம் போய், வளவனூர் பஸ்ஸில் முனிவராகித் திரும்பி வந்தது. மாதம் ஒருமுறை பஹ்ரைனிலிருந்து பத்மாம்பாள் மண்டி போனுக்குக் கூப்பிடும்போது கனகமணியும் அதைச் சொன்னாள். பத்மாம்பாள் அந்தப் பக்கம் சிரித்துச் சிரித்து அழுதாள்.

ஆனால் கெங்கம்மாள் அந்த வதந்தியைச் சொன்ன அதே வாரத்தில் கனகமணி வேறு சிலவற்றைக் கவனித்தாள். ஊஞ்சல் பலகைக்கு ஏற முன்னங்காலைத் தூக்கிய மோத்தி, பலகைக்கும் தனக்கும் உள்ள இடைவெளியில் தடுமாறிக் கீழே விழுந்தது. மண்டியில் மூட்டைகளை இடம் மாற்றி அடுக்கிய அன்று, வழியில் இருந்த சாக்கின் மேல் முகத்தோடு போய் இடித்தது. உச்சி வெயிலில் கோடாகச் சுருங்க வேண்டிய கண்மணி கிணறு மாதிரி அகன்று கிடந்தது. சிக்கு எடுக்கும்போது சீப்பை அதன் முகத்துக்கு நேரே கொண்டுபோனாள். அது இமைக்கவில்லை. சீப்பின் பல்லை நகத்தால் உரசினாள். காது உடனே திரும்பியது. முகம் திரும்பவில்லை.

கனகமணி சீப்பைக் கீழே வைத்தாள். மூட்டை மேல் அன்று நடந்தது என்ன என்று அவளுக்கு அப்போது விளங்கிவிட்டது. அது மனசை அடக்கவில்லை. எலி எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியவில்லை.

விழுப்புரத்தில் சவுரிராயன் என்ற கால்நடை டாக்டர், அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டிலேயே பார்த்துக்கொண்டிருந்தார். மூங்கில் கூடையில் மோத்தியை வைத்துத் துணி மூடிக்கொண்டு கனகமணி பஸ் ஏறினாள். முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலைப்புகையின் வெல்ல வாடை ஜன்னல் வழியே உள்ளே வந்தபோது கூடை அசைந்தது.

"இன்னாம்மா கூடையில, மொயலா?" என்றார் கண்டக்டர்.

"பூனை."

"பூனைக்கு இவ்ளோ தலைமயிரா? எனக்குக் கொஞ்சம் குடுக்கச் சொல்லுங்க" என்று தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார். பஸ்ஸில் பாதிப்பேர் சிரித்தார்கள். அவளால் சிரிக்க முடியவில்லை.

டாக்டர் பூனையின் கண்ணுக்குள் வெகுநேரம் டார்ச் அடித்துப் பார்த்தார். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். பிறகு கேட்டார்:

"இன்னா துன்னுது?"

"தயிர்ச்சோறு. பருப்பும் நெய்யும் போட்டுப் பிசைஞ்ச சோறு. பால், வெண்ணெய்."

"மீனு, கறி?"

"நாங்க நயினாருங்க டாக்டர்."

"நீங்க நயினாரும்மா. பூனை நயினார் இல்லியே."

டாக்டர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"பசுமாட்டுக்கு வைக்கோல் போடாம கருவாடு போட்டா இன்னா ஆவும்? இதுவும் அப்படித்தான். மாமிசத்துல ஒரு சத்து இருக்கு. நம்ம ஒடம்பு அதைத் தானே பண்ணிக்கும். பூனை ஒடம்புக்குப் பண்ணிக்கத் தெரியாது, வெளியிலேருந்து வரணும். வரலேன்னா மொதல்ல கண்ணு, அப்புறம் நெஞ்சு."

"பம்பாய்லயும் இதே சாப்பாடுதாங்களே. அங்க நல்லா இருந்துதே."

"வூட்டுல இதே சாப்பாடு. வெளியில?"

கனகமணிக்குப் பக்கத்து மொட்டைமாடி ஞாபகம் வந்தது. அந்த வீட்டுக்காரர்கள் யார், என்ன சமைப்பவர்கள் என்று பத்மாம்பாள் ஒருநாளும் சொன்னதில்லை. அவளுக்கே தெரியுமோ என்னவோ.

"கண்ணு திரும்ப வருமா டாக்டர்?"

"போனது போனதுதான்."

"நெஞ்சு?"

"இப்பவே துடிப்பு ஒழுங்கா இல்ல. மீன் குடுத்தா பொழைக்கலாம். குடுக்கலேன்னா நாள் சொல்ல மாட்டேன், ஆனா ரொம்ப நாள் இல்ல." சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "வெளிநாட்டுல அந்தச் சத்தை ரசாயனத்துலயே மாத்திரையா பண்றாங்கன்னு படிச்சேன். மாமிசம் கலக்காதது. இங்க கெடைக்கல, மெட்ராஸ்லயும் கேட்டுப் பாத்தாச்சு. உங்களுக்கு அங்க யாராச்சும் இருந்தா வரவழைங்க. வர்ற வரைக்கும் மீன்தான்."

வீட்டுக்கு வந்து சொன்னதும் வீரசேனன் கணக்கு நோட்டை மூடி வைத்தார். பிறகு, "அதோட வினை. நாம இன்னா பண்றது?" என்றார்.

"வினை அதோடதுன்னா சரிங்க. தயிர்ச்சோறு பிசைஞ்ச கை யாருது?"

"தெரியாம பண்ணது பாவத்துல சேராது."

"இன்னிக்கு மத்தியானத்துலேருந்து தெரியும்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ஊரு பூரா ஒண்ணு சொல்லிக்கினு இருக்கு. நாளைக்கு நம்ம வூட்டுப் பூனைக்கு மீன் வாங்கறோம்னா சிரிக்க மாட்டானா?"

"சிரிக்கட்டும். பொய்யைத்தானே இத்தினி நாள் கும்புட்டாங்க."

அன்று இரவு அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மீன் தன்னால் சாவதில்லை. பூனைக்கு ஓர் உயிர் என்றால் மீனுக்கும் ஓர் உயிர்தான். நாளுக்கு நாள் அது எத்தனை உயிராகும்? கணக்குப் பார்த்தால் பூனை சாவதுதான் நியாயம். ஆனால் அந்தக் கணக்கைத் தட்டில் வைத்துத் தினமும் ஊட்டப் போவது அவள் கை. ஒன்றைச் சாகவிடுவதும் அவள், ஒன்றுக்காகப் பலவற்றைச் சாகவைப்பதும் அவள். எந்தப் பக்கம் திரும்பினாலும் நடுவில் அவளே நின்றாள்.

பின்சுவருக்கு அந்தப் பக்கம் நர்ஸ் இருதயமேரியின் வீடு. விஷயம் தெரிந்ததும் அவள் சுவருக்கு மேல் தலையை நீட்டினாள்.

"அக்கா, எங்க வூட்டுல வுட்டுடுங்க. நான் பாத்துக்கறேன். நீங்க ஒண்ணும் சொல்லவும் வேணாம், கேக்கவும் வேணாம்."

"தெரிஞ்சுக்கினே வுட்டா அது நான் குடுத்த மாதிரிதான் மேரி."

"அப்ப தெரியாத மாதிரி இருங்க."

"இப்பதான் நீ சொல்லிட்டியே."

இருதயமேரி தலையில் அடித்துக்கொண்டாள். "உங்க சாமி ரொம்பப் பேஜாரு புடிச்ச சாமிக்கா. எங்க சாமி மீனைப் பிடிச்சுக் குடுத்துட்டு சாப்புடுன்னு சொல்லும்."

கனகமணி சிரித்தாள். சிரித்தபிறகுதான் அழுகை வந்தது.

மறுநாள் காலை அவள் மோத்தியைக் கூடையில் வைக்காமல் தோளில் போட்டுக்கொண்டு, பின்வழியாகப் போகாமல், முன்வாசல் வழியாக இறங்கி, மண்டிக்கு வந்தவர்கள் பார்க்க, தெருவைச் சுற்றிக்கொண்டு இருதயமேரி வீட்டுக்குப் போனாள். மறைத்துச் செய்தால் மறைத்த பாவமும் சேர்ந்துகொள்ளும் என்று தோன்றியது. இருதயமேரி வேகவைத்த மீனை முள் எடுத்து மண்சட்டியில் வைத்தாள். மோத்தி குனிந்து முகர்ந்தது. பின்வாங்கியது. கனகமணியின் புடவை முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"இதுக்கு இது சாப்பாடுன்னே தெரியலியேக்கா!" என்றாள் இருதயமேரி.

இருதயமேரியே ஊட்டிப் பார்த்தாள். வாயைத் திறந்து உள்ளே தள்ளிப் பார்த்தாள். பூனை துப்பியது. அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாள் மோத்தி தயிர்ச்சோற்றையும் பாதியில் நிறுத்திவிட்டது. சிக்கு எடுக்கும்போது விலா எலும்பு விரலில் தட்டியது. அத்தனை முடிக்குள் அத்தனை சின்ன உடம்பா இருந்தது என்று அவளுக்குத் திகைப்பாக இருந்தது. கையை நெஞ்சில் வைத்தாள். துடிப்பு ஓடி, நின்று, மறுபடி ஓடியது.

"உங்க கை வாசனை இருந்தா துன்னும்க்கா" என்றாள் இருதயமேரி மெதுவாக. "சோத்தோட சேத்துப் பிசையணும். அதை நான் பண்ணா அது ஒத்துக்க மாட்டேங்குது."

கனகமணி எழுந்தாள். கிணற்றடிக்குப் போய்க் கால் கை கழுவினாள். கிழக்கே பார்த்துக் கைகூப்பி நின்றாள். எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. மன்னிப்புக் கேட்பதற்கும் வாய் வரவில்லை. செய்யப்போவதைத் தெரிந்தே செய்கிறவளுக்கு மன்னிப்புக் கேட்க என்ன இருக்கிறது? திரும்பி வந்து படியில் உட்கார்ந்தாள். இடது கையால் பூனையை அணைத்துக்கொண்டு, வலது கையைச் சட்டிக்குள் விட்டாள். வெள்ளைச் சதை விரலிடுக்கில் உதிர்ந்தது. தயிர்ச்சோறு பிசைவதுபோலவேதான் இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஒரு சின்ன உருண்டையாக உருட்டி நீட்டினாள். மோத்தி அவள் விரலை முகர்ந்தது. நக்கியது. பிறகு, குருட்டுக் கண்ணை அகல விரித்தபடி, சாப்பிட்டது.

இருதயமேரி அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

அன்று முதல் கனகமணி பகலில் ஒருவேளைச் சாப்பாட்டை விட்டாள். அது ஈடாகும் என்று அவள் நினைக்கவில்லை. விடாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். மண்டியில் துரைக்கண்ணு, "முனிவரு விரதத்தை முடிச்சுட்டாரு போல" என்றார். வீரசேனன் சிரிக்கவில்லை. "எங்க வூட்டம்மா கையால குடுக்குது. அதுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்" என்றார். கனகமணி உள்ளே இருந்து அதைக் கேட்டாள். அவருக்கு அது எவ்வளவு கஷ்டமான வார்த்தை என்று அவளுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஹ்ரைனுக்கு டிரங்க் கால் பதிவு செய்யச் சொன்னாள். எப்போதும் அங்கிருந்துதான் வரும். இங்கிருந்து போவது இதுவே முதல் தடவை. பத்மாம்பாளிடம் சொல்ல வேண்டியவற்றை மனசுக்குள் வரிசைப்படுத்திப் பார்த்தாள். கண் போனது. கொடுத்த வாக்குப் போனது. மாத்திரை வேண்டும், எவ்வளவு சீக்கிரம் வருகிறதோ அவ்வளவு உயிர் மிச்சம். பக்கத்து மொட்டைமாடியில் யார் இருந்தார்கள் என்றும் கேட்க வேண்டும். கேட்டு என்ன ஆகப்போகிறது? கேட்காமல் விடலாம். எதை முதலில் சொல்வது என்று மட்டும் தெரியவில்லை.

மத்தியானம் மணி அடித்தது. எக்ஸ்சேஞ்சுப் பெண் பேசினாள். "பஹ்ரைன் லைன் கெடைச்சிருக்கும்மா. லைன்லயே இருங்க."

சற்றுமுன்தான் பூனைக்கு ஊட்டிவிட்டு வந்திருந்தாள். சீயக்காய் போட்டு இரண்டு தடவை கழுவியும் வலது கையில் அந்த வாடை இருந்தது. ரிசீவரை இடது கையில் மாற்றிக்கொண்டாள். கடலுக்கு அந்தப் பக்கம் எங்கோ ஒரு வீட்டில் மணி அடிக்கும் சத்தம் மெல்லியதாகக் கேட்டது. விட்டு விட்டு அடித்தது.

"யாரும் எடுக்கலியேம்மா. கட் பண்ணிடட்டுமா?"

"வேணாம். கொஞ்சம் இருங்க."

"அங்க வெள்ளிக்கிழமைதான் லீவு, இன்னிக்கு வேலை நாளு" என்றார் வீரசேனன், கதவருகில் நின்றபடி. "ஜீவேந்திரன் ஆபீஸ்ல இருப்பான். பத்மா கடைக்குப் போயிருக்கும். வந்துடும்."

கனகமணி தலையை ஆட்டினாள். ரிசீவரைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.